பிரித்தெடுத்த காபன் எங்கே போயிற்று?

ஒரு கைத்தொழிலின் வரலாறு அதன் பொறிகளின் வரலாறு மாத்திரமன்று. எதனைப் பண்டமென்று விலைகூறி விற்றார்கள், எதனைக் கழிவென்று ஒதுக்கினார்கள் என்பதும் அவ்வரலாற்றின் பகுதியேயாகும். ஒரு காலத்திற் கழிவாயிருந்தது மற்றொரு காலத்திற் பண்டமாவதுண்டு. அம்மாற்றத்தைத் தீர்மானிப்பதில் இரசாயனவியலைக் காட்டிலும் கணக்கேட்டுக்கும், அக்கணக்கேட்டைத் தம் கையில் வைத்திருப்போரின் நலனுக்கும் பங்கு பெரிது. ஐதரசன் கைத்தொழிலின் ஒரு நூற்றாண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைந்துள்ளது.

அண்மைக் காலத்தில் ‘நீல ஐதரசன்’ என்னும் தொடர் பத்திரிகைகளிலும் அரசாங்க அறிக்கைகளிலும் அடிக்கடி இடம்பெற்று வருகின்றது. நிலக்கரி, இயற்கை வாயு முதலிய உயிர்ச்சுவட்டு எரிபொருள்களிலிருந்து ஐதரசனைப் பெற்று, அவ்வேளை உண்டாகும் காபனீரொட்சைட்டை வளிமண்டலத்தில் விடாது பிடித்து நிலத்தடியிற் சேமித்தால், அவ்வாறு கிடைத்த ஐதரசனுக்கு இப்பெயர் வழங்குகின்றது. பிடிக்காது விட்டால் அது ‘சாம்பல்’ ஐதரசன். ஐதரசனுக்கு நிறம் இல்லை என்பதை எட்டாம் வகுப்பு மாணவனும் அறிவான். ஆகவே இந்நிறங்கள் வாயுவைக் குறிப்பன அல்ல. வாயுவைச் செய்தவர்கள் தம் கழிவை என்ன செய்தார்கள் என்பதைக் குறிப்பன.

இவ்விடயம் பற்றி எழுதுவோர் பலர், காபனைப் பிரித்தெடுத்தல் என்பது நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்ட அற்புதம் என்ற எண்ணத்தைத் தோற்றுவிக்கின்றனர். உண்மையில் ஐதரசன் செய்வோர் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்து வந்துள்ளனர். பிரித்தெடுக்காவிடில் அவர்களுடைய பண்டம் பயன்படாது. எனவே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. பிரித்தெடுத்த காபன் எங்கே போயிற்று, அது எங்கே போகவேண்டும் என்று தீர்மானித்தவர் யார்?

முதலில் இரசாயனத்தைச் சுருக்கமாக நோக்குவோம். ஐதரசன் கைத்தொழிலுக்குப் போதிய அளவில் இயற்கையிலே தனித்துக் கிடைப்பது அரிது. நீரிலிருந்தோ, ஐதரோகாபன்களிலிருந்தோ அதனைப் பிரித்துப் பெறுதல் வேண்டும். இன்று பெரிதும் கையாளப்படும் முறையில், இயற்கை வாயுவிலுள்ள மெதேன் கொதிநீராவியுடன் கலக்கப்பட்டு, நிக்கல் ஊக்கி நிரம்பிய குழாய்களினூடாக ஏறத்தாழ 800 அல்லது 900 பாகை வெப்பநிலையிற் செலுத்தப்படுகின்றது. அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மேலும் நீராவியுடன் தாக்கமுற்றுக் காபனீரொட்சைட்டாகின்றது. முடிவிலே 16 கிராம் மெதேனும் 36 கிராம் நீரும் சேர்ந்து 8 கிராம் ஐதரசனையும் 44 கிராம் காபனீரொட்சைட்டையும் தருகின்றன. அதாவது ஒரு கிலோகிராம் ஐதரசனுக்கு ஐந்தரைக் கிலோகிராம் காபனீரொட்சைட்டு. இது சமன்பாடு கூறும் கணக்கு. குழாய்களைச் சூடாக்குவதற்கு உலையில் எரிக்கப்படும் வாயுவையும் சேர்த்தால் இத்தொகை 9 அல்லது 10 கிலோகிராமுக்கு உயரும். நிலக்கரியிலிருந்து பெறும் ஐதரசனாயின் அது ஏறத்தாழ இருமடங்காகும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இத்தகைய ஆலையிலிருந்து காபனீரொட்சைட்டு இரண்டு வழிகளில் வெளிப்படுகின்றது. ஒன்று, குழாயினுள்ளே ஐதரசனோடு கலந்து உயர்ந்த அமுக்கத்தில் செறிந்து வருவது. ஐதரசனைத் தூய்மையாக்க வேண்டுமாயின் இதனை எவ்வாறாயினும் நீக்கியாகவேண்டும். மற்றையது, உலையின் புகைபோக்கி வழியாக நைதரசனோடு கலந்து ஐதாக வெளியேறுவது. இதனை நீக்காவிடினும் ஆலையின் பண்டத்திற்கு எவ்விதக் குறையும் நேராது. முன்னையதைப் பிடிப்பது எளிது, செலவும் குறைவு. பின்னையதைப் பிடிப்பது கடினம், செலவும் மிகுதி. ‘இத்தனை சதவீதம் பிடித்தோம்’ என்று ஒரு கம்பனி அறிவிக்கும்போது, எதனுடைய சதவீதம் என்ற கேள்வி இங்கிருந்தே பிறக்கின்றது.

எமது உயர்தர வகுப்பு மாணவர்கள் ஏபர் முறையைப் படிக்கின்றனர். நைதரசனும் ஐதரசனும் சேர்ந்து அமோனியாவாகும் சமன்பாட்டை அவர்கள் மனனம் செய்கின்றனர். அச்சமன்பாட்டின் இடப்புறத்தில் நிற்கும் ஐதரசன் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் வினாத்தாளைக் காண்பது அரிது. ஆயினும் அமோனியாக் கைத்தொழிலின் வரலாறு பெரும்பாலும் ஐதரசனின் வரலாறேயாகும். 1909ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரிற்ஸ் ஏபர் தமது ஆய்வுகூடத்தில் அமோனியாவைத் தொடர்ச்சியாக ஆக்கிக் காட்டினார். அதனைக் கைத்தொழிலாக்கும் பொறுப்பு ஜேர்மனியின் பி.ஏ.எஸ்.எவ். கம்பனியைச் சேர்ந்த கார்ல் பொஷ் என்பவரிடம் வந்தது. 1913ஆம் ஆண்டு செப்டெம்பரில் ரைன் நதிக்கரையிலே ஒப்பௌ என்னுமிடத்தில் முதலாவது ஆலை இயங்கத் தொடங்கியது.

அங்கே ஐதரசன் கற்கரியிலிருந்து பெறப்பட்டது. செந்தணலாய்க் கனன்ற கரியின்மீது நீராவியைச் செலுத்தி நீர்வாயுவைப் பெற்றனர். அதிலுள்ள காபனோரொட்சைட்டு அமோனியா ஊக்கிக்கு நஞ்சு. பொஷும் அவருடைய துணைவரான வில்ஹெல்ம் வில்ட் என்பவரும் இரும்பொட்சைட்டு ஊக்கியின்மேல் நீராவியைக் கொண்டு அதனைக் காபனீரொட்சைட்டாக மாற்றும் முறையை வகுத்தனர். அதனால் மேலும் ஐதரசன் கிடைத்தது. எஞ்சிய காபனீரொட்சைட்டை உயர்ந்த கோபுரங்களில் அமுக்கத்தின்கீழ் நீரினாற் கழுவி அகற்றினர். அமுக்கம் தளர்த்தப்பட்டதும் நீரிற் கரைந்திருந்த வாயு குமிழியிட்டு வெளியேறி வானிற் கலந்தது. பிரித்தெடுத்தல் என்ற தொழில்நுட்பம் இவ்வாறு முதல் உலக யுத்தத்தை அண்டிய ஆண்டுகளிலேயே முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. அதனைச் சேமித்து வைக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. வானம் எவருக்கும் வாடகை கேட்பதில்லை.

யுத்தம் மூண்டதும், சிலி நாட்டு வெடியுப்பு ஜேர்மனிக்குக் கிடைக்காமற் போயிற்று. உரத்திற்காக எழுந்த ஆலை வெடிமருந்துக்காக விரிந்தது. 1917இல் லொய்னாவில் இன்னும் பெரிய ஆலை எழுந்தது. 1921 செப்டெம்பர் 21ஆம் நாள் ஒப்பௌவிலே உரக் களஞ்சியம் வெடித்து 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இக்கைத்தொழில் தன் தொடக்க ஆண்டுகளிலேயே மக்களிடம் வாங்கிய விலையை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பிரித்தெடுத்த காபன் முழுவதும் காற்றிற் போனதாகவும் கூறமுடியாது. அதற்குப் பயன் கண்டவிடத்துக் கம்பனி அதனை விடவில்லை. 1922இல் ஒப்பௌவில் அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் சேர்த்து யூரியா செய்யும் கைத்தொழில் தோன்றியது. இன்றும் யூரியா செய்யும் முறை இதுவே. எமது நெல்வயல்களிலே தூவப்படும் வெண்ணிற மணிகளினுள் ஐதரசன் ஆலையிற் பிரித்தெடுத்த காபன் அடங்கியுள்ளது. அது மண்ணிலே நீருடன் தாக்கமுற்றுச் சில நாட்களுள் அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிந்து, காபன் மீண்டும் காற்றை அடைகின்றது. பயன்படுத்துதல் வேறு, சேமித்தல் வேறு என்பதற்கு இதனிலும் எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1930இல் அமெரிக்கரான ரொபேட் பொட்டம்ஸ் அமைன் கரைசல்களைக் கொண்டு வாயுக் கலவையிலிருந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சி அகற்றும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். குளிர்ந்த கரைசல் வாயுவை உறிஞ்சும்; சூடாக்கியதும் அதனை விடுவிக்கும்; கரைசல் மீண்டும் பயன்படும். இன்று ‘காபன் பிடிப்பு’ எனப் போற்றப்படும் ஆலைகள் பலவற்றின் உள்ளே இயங்குவது இம்முறையின் வழிவந்ததே. அதே 1930களின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் எண்ணெய்க் கம்பனிகள் மெதேனை நீராவியாற் சீர்திருத்தி ஐதரசன் பெறும் முறையைக் கைத்தொழிலாக்கின. கற்கரியின் இடத்தை நாளடைவில் இயற்கை வாயு பிடித்துக்கொண்டது.

வேறு வழி இருக்கவில்லையா என்று கேட்கலாம். இருந்தது. நோர்வேயின் மலைநாட்டிலே, நீர்வீழ்ச்சியிலிருந்து பெற்ற மின்சாரத்தைக் கொண்டு நீரை மின்பகுத்து ஐதரசன் பெறும் பெரிய ஆலைகள் 1920களின் இறுதியிலிருந்து இயங்கின. குடியேற்றவாதத்திலிருந்து விடுபட்ட நாடுகளும் இவ்வழியை நாடின. எகிப்திலே அசுவான் அணையின் மின்சாரத்தால் இயங்கிய உர ஆலை 1960இல் உற்பத்தியைத் தொடங்கியது. இந்தியாவிலே பக்ரா அணையின் மின்சாரத்தால் இயங்கிய நங்கல் உர ஆலை 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. இவற்றில் ஐதரசனுக்காகக் காபன் எரிக்கப்படவில்லை. ஆகவே பிடிக்கவேண்டிய காபனும் இருக்கவில்லை. இன்று ‘பச்சை ஐதரசன்’ என்று புதுமையாக அறிமுகப்படுத்தப்படுவதை மூன்றாம் உலகின் அரசாங்க ஆலைகள் அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே செய்தன. எண்ணெயும் வாயுவும் மலிந்த காலத்தில் இவ்வழி ஒதுக்கப்பட்டது. நங்கலில் 1970களின் பிற்பகுதியில் எரியெண்ணெயைக் கொண்டு இயங்கும் ஆலை நிறுவப்பட்டது. மின்பகுப்பு பிழையான முறை என்று எவரும் நிறுவவில்லை. காபனீரொட்சைட்டை வானில் விடுவதற்குச் செலவில்லை என்ற கணக்கில், அது விலையாலே தோற்றது.

நிலத்தடியிற் காபனைச் செலுத்தும் தொழிலும் இவ்வாறே கணக்கிலிருந்து பிறந்தது. 1972ஆம் ஆண்டு ரெக்சாஸ் மாநிலத்தின் ஸ்கரி மாவட்டத்தில், அழுத்தம் குன்றிய பழைய எண்ணெய் வயல் ஒன்றினுள் காபனீரொட்சைட்டு பெருமளவிற் செலுத்தப்பட்டது. இயற்கை வாயுவைச் சுத்திகரிக்கும் ஆலைகளிற் பிரித்தெடுக்கப்பட்டு, அதுவரை வானில் விடப்பட்ட வாயு அது. எண்ணெயிற் கரைந்து அதனை இளக்கி, கிணற்றை நோக்கி நகர்த்தும் தன்மை அதற்குண்டு. பாறையிடுக்குகளில் எஞ்சிய எண்ணெய் மேலே வந்தது. வாயுவின் ஒரு பகுதி கீழே தங்கியது. காபனைப் புதைப்பது அவர்களுடைய நோக்கமன்று. எண்ணெயைத் தோண்டுவதே நோக்கம். புதைந்தது அதன் பக்க விளைவு.

காபனைச் சேமிக்கவேண்டும் என்ற எண்ணம் பின்னரே எழுந்தது. 1977இல் இத்தாலியரான சேசரே மார்க்கெற்றி, வளிமண்டலம் வெப்பமுறுவதைத் தடுக்கும் பொருட்டுக் காபனீரொட்சைட்டைப் பிடித்து, ஜிப்ரால்ற்றர் நீரிணை வழியே அமிழ்ந்து செல்லும் கடல் நீரோட்டத்தினூடாக ஆழ்கடலிற் சேர்க்கலாம் என எழுதினார். அவர் ஐதரசனை நாளைய எரிபொருளாகக் கருதி ஆராய்ந்தவர்களுள் ஒருவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் அறிஞரின் யோசனைக்கும் கம்பனியின் முதலீட்டுக்கும் இடையே நீண்ட தூரம் உண்டு.

அத்தூரத்தை அளந்து காட்டுவது வட டகோட்டாவிலுள்ள கிரேற் பிளெயின்ஸ் ஆலையின் கதை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் உள்நாட்டு நிலக்கரியை வாயுவாக்கும் நோக்குடன் திட்டமிடப்பட்ட இவ்வாலை 1984இல் இயங்கத் தொடங்கியது. நிலக்கரியையும் நீராவியையும் கொண்டு ஐதரசன் செறிந்த வாயுவை ஆக்கி, அதனை மெதேனாக மாற்றுவது அதன் தொழில். முதலீட்டுக் கடனுக்கு அரசாங்கம் பிணை நின்றது. வாயுவின் விலை வீழ்ந்ததும் 1985இல் தனியார் கம்பனிகள் கடனைச் செலுத்தாது விலகிக்கொண்டன. சுமை அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. 1988இல் அது ஒரு மின்சாரக் கூட்டுறவு நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. இவ்வளவு காலமும் அவ்வாலை தன் வாயுவிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்துக்கொண்டேயிருந்தது. பிரித்தெடுத்ததை வானில் விட்டுக்கொண்டேயிருந்தது. 2000ஆம் ஆண்டில் 330 கிலோமீற்றர் நீளமான குழாய்வழி கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயல் வரை அமைக்கப்பட்டபோதுதான் அதன் ஒரு பகுதி நிலத்தடிக்குச் சென்றது. அந்தப் பதினாறு ஆண்டுகளில் மாறியது இரசாயனமன்று. அக்காபனுக்கு விலைகொடுக்க ஓர் எண்ணெய் வயல் முன்வந்தது, அவ்வளவே.

இதற்கு எதிர்மாறான உதாரணம் நோர்வேயிலே கிடைக்கின்றது. 1991இல் நோர்வே அரசாங்கம் கடலிலுள்ள எண்ணெய், வாயுத் தொழிலின் காபன் வெளியீட்டுக்கு வரி விதித்தது. வடகடலிலே ஸ்லைப்னர் என்னும் வாயு வயலின் வாயுவில் ஏறத்தாழ 9 சதவீதம் காபனீரொட்சைட்டு இருந்தது. விற்பனைக்கு அதனை இரண்டரைச் சதவீதத்திற்குக் குறைத்தாகவேண்டும். பிரித்தெடுத்ததை வானில் விட்டால் வரி. 1996 முதல், அன்று அரசுடைமையாயிருந்த நிறுவனம் அதனைக் கடலடிக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் ஆழத்திலுள்ள உப்புநீர் மணற்பாறையிற் செலுத்தி வந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் தொன் வரை இவ்வாறு சென்றது. செலுத்திய வாயு அங்கேயே தங்கியிருப்பதை நில அதிர்வலை ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஆகவே சேமித்தல் இயலாத காரியம் என்று வாதிடுவோரும் வரலாற்றை மறுப்பவராவர். அங்கும், சேமிப்புக்கு வழிகோலிய சட்டமே கீழிருந்து வாயுவை எடுத்து ஐரோப்பாவெங்கும் எரிப்பதற்கு விற்பதைத் தடுக்கவில்லை என்பதையும் உடன் கூறுதல் வேண்டும்.

இனி ஐதரசன் ஆலைகளுக்கே வருவோம். 2013இல் ரெக்சாசின் போட் ஆதர் நகரில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஐதரசன் வழங்கும் இரண்டு ஆலைகளிலே காபன் பிடிப்பு தொடங்கியது. அமெரிக்க அரசாங்கம் 284 மில்லியன் டொலர் வழங்கியது. பிடித்த காபன் எண்ணெய் வயலுக்குச் சென்று மேலும் எண்ணெயை எடுக்க உதவியது. 2015 நவம்பரில் கனடாவின் அல்பேட்டா மாநிலத்திலே ‘குவெஸ்ற்’ எனும் திட்டம் தொடங்கியது. தார்மணலிலிருந்து எடுக்கப்படும் கனத்த எண்ணெயை இளக்குவதற்கு வேண்டிய ஐதரசனை அங்குள்ள மூன்று அலகுகள் செய்கின்றன. அவற்றின் காபன் பிடிக்கப்பட்டு இரண்டு கிலோமீற்றருக்கும் அதிகமான ஆழத்திலே செலுத்தப்படுகின்றது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லியன் தொன். திட்டத்தின் மதிப்பீட்டுச் செலவு 1,350 மில்லியன் கனடிய டொலர். அதில் 865 மில்லியன் மாநில, மத்திய அரசாங்கங்கள் ஒதுக்கிய பொதுப்பணம்.

இவ்வாலையின் வெற்றியைக் கூறும்போது 80 சதவீதம் என்ற எண் எடுத்துக்காட்டப்படுகின்றது. நாம் முன்னர் கண்ட இரு வழிகளை இங்கு நினைவுகூர வேண்டும். 80 சதவீதம் என்பது குழாயினுள்ளிருந்து வரும் செறிந்த வாயுவிற் பிடிக்கப்பட்ட பங்கு. உலைப் புகைபோக்கி இக்கணக்கினுள் இல்லை. 2022இல் ‘குளோபல் விற்னஸ்’ என்ற அமைப்பு, ஆலையின் மொத்தக் காபன் வெளியீட்டில் 48 சதவீதமே பிடிக்கப்பட்டதாகவும், பிற பச்சைவீட்டு வாயுக்களையும் சேர்த்தால் 39 சதவீதமே எனவும் கணக்கிட்டது. எந்த எண்ணும் பொய்யன்று. எதனைக் கணக்கிற் சேர்ப்பது என்பதிலே வேறுபாடு அடங்கியுள்ளது. அந்த ஐதரசனால் இளக்கப்பட்ட எண்ணெய் ஊர்திகளில் எரிந்து வெளியிடும் காபனை இவ்விரு கணக்குகளிலும் காணமுடியாது.

கிணற்றிலிருந்து ஆலை வரும் வழியிற் கசியும் மெதேன் இன்னொரு கேள்வி. இருபது ஆண்டுக் காலத்தை அளவாகக் கொண்டால், நிறைக்கு நிறை மெதேன் காபனீரொட்சைட்டைவிட எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைச் சிறைப்படுத்தவல்லது. 2021இல் ரொபேட் ஹவார்த், மார்க் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வு, கசிவையும் சேர்த்தால் நீல ஐதரசனின் பாதிப்பு சாம்பல் ஐதரசனிலும் 9 முதல் 12 சதவீதமே குறைவு என்று கூறியது. வேறு அறிஞர் இதனை மறுத்தனர். கசிவு மிகக் குறைந்து, புகைபோக்கிக் காபனும் பிடிக்கப்படுமாயின் நன்மை கணிசமானது என அவர்கள் காட்டினர். இவ்விவாதத்திலிருந்து நாம் பெறவேண்டிய முடிவு தெளிவானது. நீலம் என்ற பெயர் எதனையும் உறுதிப்படுத்தவில்லை. கசிவை அளப்பவர் யார், அளவை மக்களுக்கு வெளியிடுபவர் யார் என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது.

உழைக்கும் மக்களின் நிலையிலிருந்து நோக்குமிடத்து அவுஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கு நமது கவனத்திற்குரியது. விக்ரோரியா மாநிலத்திலுள்ள அப்பள்ளத்தாக்கின் பழுப்பு நிலக்கரியை 1920களில் அரச மின்சார ஆணைக்குழுவே தோண்டி மின்சாரமாக்கியது. 1990களில் அது துண்டு துண்டாகத் தனியாருக்கு விற்கப்பட்டது. 2014இல் ஹேசல்வூட் சுரங்கத்தில் மூண்ட தீ 45 நாட்கள் எரிந்து, அருகிலிருந்த மோர்வெல் நகர மக்களைப் புகையில் ஆழ்த்தியது. 2017 மார்ச்சில் ஹேசல்வூட் மின்நிலையம் மூடப்பட்டது. மூடும் அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையே தொழிலாளருக்குக் கிடைத்த காலம் ஐந்து மாதங்களளவே.

இந்நிலையில் அப்பள்ளத்தாக்குக்கு ஐதரசன் என்ற புதிய நம்பிக்கை வழங்கப்பட்டது. நிலக்கரியை வாயுவாக்கி ஐதரசன் பெற்று, அதனை மறை 253 பாகையிற் குளிர்த்துத் திரவமாக்கி, கப்பலில் யப்பானுக்கு அனுப்புவது திட்டம். காபனைக் கடலடியிற் புதைப்பது பிற்கட்டத்திற்கு விடப்பட்டது. 2022இல் ‘சுயிசோ புரொன்ரியர்’ என்ற கப்பல் ஹேஸ்ரிங்ஸ் துறைமுகத்திலிருந்து கோபே துறைமுகத்திற்கு முதற்பயணம் செய்தது. பரீட்சார்த்தக் கட்டத்தில் உண்டான காபனீரொட்சைட்டு புதைக்கப்படவில்லை. 2024ஆம் ஆண்டின் இறுதியிலே, அவுஸ்திரேலியாவில் உற்பத்தி தாமதமாவதைக் காரணங்காட்டி, கவசாகி கம்பனி தனது அடுத்த கட்டத்திற்கு வேண்டிய ஐதரசனை யப்பானிலேயே பெற முடிவுசெய்தது. வாக்குறுதியை நம்பியிருந்த தொழிலாளரிடம் எஞ்சியது வாக்குறுதியே. காபனைப் புதைப்போம் என்ற எதிர்காலச் சொல், நிலக்கரியை நிகழ்காலத்தில் தோண்டுவதற்கு அனுமதிச் சீட்டாகப் பயன்படக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது.

குழாய்வழிகளின் ஓரத்தில் வாழ்வோரும் இக்கணக்கில் உரியர். 2020 பெப்ரவரி 22ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் சற்றார்ஷியா என்ற சிற்றூருக்கு அருகே, எண்ணெய் வயல்களுக்குக் காபனீரொட்சைட்டைக் கொண்டுசெல்லும் குழாய் கனமழையால் நிலம் சரிந்தபோது வெடித்தது. காற்றிலும் கனத்த அவ்வாயு தாழ்நிலங்களிற் பரவியது. ஒட்சிசன் குன்றியமையால் ஊர்திகளின் இயந்திரங்களும் நின்றன. ஏறத்தாழ 200 பேர் வெளியேற்றப்பட்டனர். 45 பேர் மருத்துவமனையை நாடினர். உயிரிழப்பு நேரவில்லை. அக்குழாயிற் சென்றது ஐதரசன் ஆலையின் காபன் அன்று. இயற்கையான நிலத்தடி ஊற்றிலிருந்து எடுக்கப்பட்டது. ஆயினும் நீல ஐதரசன் பெருகுமாயின் இத்தகைய குழாய்கள் பல மடங்காகும். அவை யாருடைய ஊர்களினூடாகச் செல்லும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அரசின் பங்கு இதில் யாது? ஐக்கிய அமெரிக்கா 2022இல் நிறைவேற்றிய சட்டத்தின்படி, காபனை நிலத்தடியிற் சேமித்தால் தொன்னுக்கு 85 டொலர் வரை வரிச் சலுகை. எண்ணெய் எடுப்பதற்குப் பயன்படுத்தினால் 60 டொலர் வரை. சேமிப்புக்கும் எண்ணெய்க்கும் இடையே சட்டம் ஒரு வேறுபாட்டையாவது பேணியது. 2025இல் அவ்வேறுபாடும் அகற்றப்பட்டு இரண்டும் சமமாக்கப்பட்டன. நோர்வேயின் வரி காபனை வெளியிடுபவரிடமிருந்து வாங்கியது. அமெரிக்கச் சலுகை காபனைப் பிடிப்பவருக்குப் பொதுமக்கள் பணத்தைக் கொடுத்தது. ஒரே தொழில்நுட்பம், இரு வேறு சமூக உறவுகள்.

இவற்றையெல்லாம் கூறுவதால் விஞ்ஞானத்தை வெறுக்கவேண்டும் என்றோ, ஐதரசனே வேண்டாம் என்றோ நாம் வாதிப்பதாகக் கொள்ளலாகாது. உலகம் 2023இல் 97 மில்லியன் தொன் ஐதரசனைச் செய்தது. அதிலே காபன் குறைந்த வழியிற் கிடைத்தது ஒரு சதவீதத்திற்கும் குறைவு. எஞ்சியதன் பெரும்பகுதி உரத்திற்கும் எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கும் சென்றது. உரம் இன்றேல் உணவு இல்லை என்னும் நிலையில் கோடிக்கணக்கான விவசாயிகள் உள்ளனர். இயங்கிக்கொண்டிருக்கும் அமோனியா ஆலைகள் ஏற்கெனவே காபனைப் பிரித்தெடுத்து வருகின்றன. யூரியாவிற்குச் செல்லாது எஞ்சியதை வானில் விடுவதிலும் பாறையிற் புதைப்பது மேலானது என்பதில் ஐயமில்லை. அது இன்றே செய்யக்கூடிய காரியமுமாகும். ஆனால் அதனைக் காரணங்காட்டிப் புதிய வாயு வயல்களைத் திறப்பதும், மின்பகுப்பு வழியைப் பின்தள்ளுவதும், கணக்கின் ஒரு பக்கத்தை மறைப்பதும் வேறு காரியங்கள். முன்னையதை ஏற்பவர் பின்னையதையும் ஏற்றாக வேண்டும் என்பது கம்பனிகளின் தருக்கமேயன்றி விஞ்ஞானத்தின் தருக்கமன்று.

நூறாண்டு வரலாறு நமக்குக் கற்பிப்பது இதுவே. காபனுக்குப் பயன் இருந்தபோது அது யூரியாவாயிற்று. எண்ணெய் வயல் விலைகொடுத்தபோது அது குழாயில் ஏறிற்று. வரி விதிக்கப்பட்டபோது அது கடலடிக்கு இறங்கிற்று. ஒன்றும் இல்லாதபோது அது வானில் விடப்பட்டது. ஆகவே அதன் போக்கை மாற்ற விரும்புவோர் ஆய்வுகூடத்தை மாத்திரம் எதிர்பார்த்திருத்தல் போதாது. அளவீடுகள் யாவும் பொதுமக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். பொதுப்பணத்திற் கட்டப்பட்டவை பொதுவுடைமையாதல் வேண்டும். நூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நிலத்தடிச் சேமிப்புக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது இன்றே சட்டத்தில் எழுதப்படல் வேண்டும். தொழிலாளர் தம் எதிர்காலத்தை ஒரு கப்பலின் வருகையில் வைத்துக் காத்திருக்கும் நிலை மாறவேண்டும்.

அடுத்த முறை வகுப்பறையிலே ஏபர் முறையின் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், இடப்புறத்து ஐதரசனைச் சுட்டிக்காட்டி, இது எங்கிருந்து வந்தது, இதனுடன் வந்த காபன் எங்கே போயிற்று என்று மாணவரைக் கேட்பாராக. அக்கேள்விக்குரிய விடையிற் பாதி இரசாயனத்தில் உண்டு. மறுபாதியை வரலாற்றுப் பாடத்திலேயே தேடவேண்டும்.